திரும்பி நின்றவன் சொன்ன பெயர்

1

இந்தக் கதையை எழுத என்னைத் தூண்டியது மனசாட்சி அல்ல, ஒரு கமிட்டி. ஆம்ஸ்டர்டாமின் தெற்கே நான் குடியிருக்கும் பேட்டையில், போரில் இறந்தவர்களை நினைவுகூரும் மே மாதம் நெருங்கினால் நினைவு மலர்க் கமிட்டிகள் முளைத்துவிடும். எங்கள் கமிட்டித் தலைவர் ஓய்வுபெற்ற பல் டாக்டர். "வதைமுகாமில் மனிதம் வென்ற கதை ஒன்று வேணும். ரெண்டு பக்கம். கடைசியில கொஞ்சம் வெளிச்சம் இருக்கட்டும்" என்றார். வலிக்கும் முன்பே மரத்துப்போக ஊசி போட்டுப் பழகியவர் வேறு எப்படிக் கேட்பார்?

கதைக்கு ஆள் தேடி பாரெண்ட் வெய்ன்பெர்க்கிடம் போனேன். போருக்கு முன் தள்ளுவண்டியில் ஊறவைத்த வெள்ளரிக்காய் விற்றவர். முகாமிலிருந்து திரும்பி வந்தும் அதையேதான் விற்றார். காபிக்கு ஒரு பிஸ்கட் கொடுத்துவிட்டு டப்பாவை மூடுவது இந்த ஊர் மரியாதை. அவர் டப்பாவைத் திறந்தே வைத்திருந்தார். (இதைப் பற்றி உருக்கமாக ஒரு பத்தி எழுதி, அடித்துவிட்டேன். மூடி தொலைந்துபோயிருக்கலாம்.)

2

முதல் தொடக்கம்: "பனி பெய்துகொண்டிருந்தது. முள்வேலிக்கு அப்பால் ஒரு சிறு பறவை—"

படித்துக் காட்டினேன். பாரெண்ட் கையை உயர்த்தி நிறுத்தினார். "பறவையா? எங்க வந்துச்சு? வந்திருந்தா பிடிச்சுத் தின்னிருப்போமே, தம்பி."

இரண்டாம் தொடக்கம்: "பசி என்பது ஒரு—"

பசி என்பது ஒரு என்று ஆரம்பிக்கிறவன் மதியம் வயிறாரச் சாப்பிட்டவன். நான் சாப்பிட்டிருந்தேன்.

மூன்றாவதாக, ரொட்டியிலிருந்து தொடங்குகிறேன்.

3

ஆறு பேருக்கு ஒரு ரொட்டி. அதை அறுப்பவன் நார்டுஸ், முன்னாளில் தையற்கடையில் துணி வெட்டியவன். இப்போது கையில் இருப்பது கல்லில் தீட்டிய கரண்டிக் காம்பு. எவ்வளவு பார்த்து அறுத்தாலும் ஆறும் ஒன்றுபோல் வராது. அதிலும் ஓரத்துண்டின் மேல்தான் எல்லார் கண்ணும். கெட்டியானது, நெடுநேரம் மெல்லலாம்.

சண்டையைத் தவிர்க்க ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். பாரெண்ட் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பான். நார்டுஸ் ஒரு துண்டைத் தொட்டு, "இது யாருக்கு?" என்பான். பாரெண்ட் ஒரு பெயர் சொல்வான். சொன்னது சொன்னதுதான், மாற்றக்கூடாது. ஒருநாள் மாற்றவிட்டால் மறுநாள் கரண்டிக் காம்பு வேறு வேலைக்குப் போய்விடும்.

(கதைக்குள் இருப்பவன் இருபத்துமூன்று வயதுக்காரன், அதனால் "அவன்". காபி ஊற்றியவர் "அவர்". இருவரும் ஒரே ஆள்தானா என்பதில் எனக்கு மட்டுமல்ல, அவருக்கே குழப்பம்.)

4

அந்த ஆறு பேரில் ஹார்டோக் ஒருவன். பாரெண்டுக்கும் நார்டுஸுக்கும் நடுவில் படுப்பவன். ஒருநாள் காலை மண் வெட்டும் இடத்தில் குனிந்தவன் நிமிரவில்லை. சாயங்காலம் அவன் இடத்துக்குப் புது ஆள் வந்துவிட்டார்: அல்ஃபோன்ஸ் பெரெய்ரா, ஹேக் நகரத்து வக்கீல். (பெயரை வைத்துத் தூத்துக்குடிப் பக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். போர்த்துக்கீசிய யூதர்.) முந்நூறு வருடத்துக்கு முன்பே கப்பலில் வந்திறங்கிய குடும்பம் என்கிற நினைப்பு மொட்டையடித்த பிறகும் தலையை விட்டு இறங்காத மனிதர். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்து, பட்டத்தோடு பெயர் சொன்னார்.

"வாங்க வக்கீலய்யா," என்றான் நார்டுஸ். "நாற்காலியெல்லாம் பாலிஷ் போடப் போயிருக்கு. பலகையிலயே உக்காருங்க."

ரொட்டி அறுபட்டது. பாரெண்ட் திரும்பி நின்றான்.

எலியாஸ். மௌரிட்ஸ். கூன். (இந்த மூவரும் கதையில் பேசமாட்டார்கள். வாய் நிறைய ரொட்டி.) நார்டுஸ். பாரெண்ட்.

மிஞ்சியது ஓரத்துண்டு.

"இது யாருக்கு?"

"ஹார்டோக்."



"டேய், செத்தவன் பேரைச் சொல்லிட்டியேடா," என்றான் நார்டுஸ்.

"என் பேர் பெரெய்ரா," என்றார் வக்கீல், மிகுந்த மரியாதையுடன். "ஞாபகப் பிசகு. திருத்திக்கலாம்."

"இங்க அப்பீல் கிடையாது வக்கீலய்யா."

"இறந்துபோனவர் எப்படிங்க பங்கு வாங்குவார்?"

"அவன் வாங்க மாட்டான். அவன் சொத்து பக்கத்துல படுத்தவனுக்கு. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் இவன்."

பாரெண்ட் இன்னும் திரும்பவில்லை. பல மாதமாக தினமும் சொன்ன ஆறு பெயர்கள். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு தாமாகவே வாயில் வந்துவிழும். வந்து விழுந்ததுதானா? இல்லை, ஓரத்துண்டு மிஞ்சியிருப்பதும், ஹார்டோக் என்றால் அது எங்கே போகும் என்பதும் முதுகுக்குத் தெரிந்திருந்ததா? சுவர்ப் பலகையைப் பார்த்தபடி யோசித்தான். யோசிக்க யோசிக்க எச்சில் ஊறியது. எச்சில் ஊறினால் யோசனை ஓடாது.

5

முடிவு அ: ஐவரும் தங்கள் பங்கில் ஆளுக்கொரு விள்ளல் கிள்ளிக் கொடுத்தார்கள்.

பல் டாக்டருக்குத் தொலைபேசியில் படித்தேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பாரெண்ட் உறிஞ்சவில்லை. "எலியாஸா? அவன் கைக்கு வந்ததும் முழுசா வாயில போட்டு மூடிக்குவான். கிள்ளணும்னா தாடையைப் பிளக்கணும்."

முடிவு ஆ: பெரெய்ரா பாய்ந்து பிடுங்கினார், மற்றவர்கள் அவரை—

"அதுவும் இல்ல. பிடுங்க அவருக்குத் தெரியாது. புதுசு."

"பின்னே என்னதான் நடந்தது?"

"நார்டுஸ் ரெண்டாப் பிச்சான். பாதி எனக்கு."

"நீங்க?"

"தின்னேன்."

"பெரெய்ரா?"

"என் தாடையையே பார்த்துக்கிட்டிருந்தார். நான் சத்தம் வராம மென்னேன். மரியாதைக்கு." சொல்லிவிட்டுச் சிரித்தார். பிறகு, ஏன் சிரித்தோம் என்பதுபோல் என்னைப் பார்த்தார்.

[இந்த இடத்தில் "மனிதம்" என்ற சொல் வரவேண்டும் என்பது கமிட்டியின் விருப்பம். வந்துவிட்டது. மேலே போவோம்.]

"வேணும்னேதான் சொன்னீங்களா?"

"ஒரு நாள் தவறித்தான் சொன்னேன்னு தோணும். நிம்மதியாத் தூங்குவேன். மறுநாள் எந்திரிச்சா அப்படித் தோணாது. உனக்கு எது வசதியோ அதை எழுதிக்க."

எனக்கு எதுவும் வசதியாக இல்லை. தவறித்தான் சொன்னான் என்று எழுதினால் பாவம் பாரெண்ட் என்று மலரை மூடிவிடுவீர்கள். வேண்டுமென்றே என்று எழுதினால், தின்று ஏப்பம்விட்ட நான் அவனுக்குத் தீர்ப்பு எழுதியவன் ஆவேன். இந்தப் பத்தியை நான்கு விதமாக எழுதிப் பார்த்து, நான்கையும்—

6

மறுநாள் சாயங்காலம் பாரெண்ட் திரும்பி நிற்க மறுத்தான். "வேற யாரையாவது நிறுத்துங்க. எனக்கே என்மேல நம்பிக்கை இல்ல."

"அப்ப வக்கீலய்யா நிக்கட்டும்," என்றான் நார்டுஸ். "நம்ம யாரையும் வெறுக்க அவருக்கு இன்னும் நேரம் கிடைக்கல. ஒருத்தனைத் தவிர."

பெரெய்ரா எழுந்தார். "பேர் தெரியாம நான் எப்படிங்க சொல்றது? முழுப் பேரும் வேணும்."

ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார். நம்பர் சொல்லியே பழகிய வாய்கள். கூன் தன் குடும்பப் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்கச் சிறிது நேரமாயிற்று. (கமிட்டி கைதட்ட வேண்டாம். வேலைக்குத் தேவைப்பட்டது, கேட்டார்.)

"நீங்க?"

"பாரெண்ட் வெய்ன்பெர்க்."

"இறந்தவர்?"

"ஹார்டோக் கோஸ்டர். அவன் பேரு எதுக்கு?"

"அவர் படுத்த இடத்துல இப்ப நான்தானே படுக்கிறேன்?"

"ஆமா."

"நல்லது," என்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

நார்டுஸ் தொடத் தொட, கோர்ட்டில் அழைப்பதுபோல் முழுப் பெயராக வந்தது. மூன்றாவதாகத் தன் பெயரையும் சொல்லிக்கொண்டார். ஐந்து துண்டுகள் போயின. பலகையில் ஒன்று. பெயர் வராதவன் பாரெண்ட் ஒருவன்தான்.

"இது யாருக்கு?"

"அந்த ஆள் முதுகு எழும்பிச்சு, தம்பி. மூச்சை உள்ள இழுத்தார்," என்றார் பாரெண்ட். அதோடு எழுந்து காபியைச் சூடாக்கப் போய்விட்டார். சமையலறை வரை பின்னாலேயே போனேன்.

"என்ன பேர் சொன்னார்?"

"நீதானே எழுதற?"

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். வெய்ன்பெர்க் என்றால் ரொட்டி அவன் கையில் இருக்கிறது, ஆனால் எப்படித் தின்பான் என்று எனக்கு எழுத வரவில்லை. கோஸ்டர் என்றால் பெரெய்ரா திரும்பி வந்து அந்தத் துண்டை எடுத்துக்கொள்கிறார். பக்கத்தில் படுத்தவனுக்கே சொத்து என்றால், அந்த இடத்திலேயே படுப்பவருக்கு இல்லையா? யாரும் குறைசொல்ல முடியாது, விதி அவர் பக்கம். அந்த முகத்தையும் எழுத வரவில்லை.

ஆகவே நீங்களே சொல்லிவிடுங்கள். என்னைப் பார்க்காதீர்கள், சுவரைப் பாருங்கள். நிதானமாக யோசியுங்கள், சொன்ன பிறகு மாற்ற முடியாது.