குச்சியின் இடது பாதி

பதினோராயிரத்து நானூற்று இருபது. மெஷின்காரர் மடிப்புக்காரருக்குத் தர வேண்டிய கடன் அவ்வளவு. வட்டி கிடையாது, கெடு கிடையாது. வாங்கி மூன்று வருடமாகியும் அவர் ஒரு வார்த்தை கேட்டதும் கிடையாது. அதுதான் மெஷின்காரரை உள்ளுக்குள் அரித்தது. கேட்டிருந்தால் ஒரு சண்டையாவது போட்டிருக்கலாம்.

இருவருக்கும் ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், சலவைக்கூடத்தில் வேலை. மேல் மாடிகளின் அழுக்கு விரிப்புகளெல்லாம் ஒரு சரிவுக் குழாய் வழியாக வந்து விழும். மெஷின்காரர் அவற்றை மெஷினில் போட்டுத் துவைத்துப் பிழிந்து தள்ளுவார். காய்ந்ததை மடிப்புக்காரர் நீள மேசையில் போட்டு மடிப்பார். சோப்பு நெடியிலும் நீராவியிலும் இரண்டு பேருக்கும் தலைமுடி உதிர்ந்து, முதுகு கூனி, பார்த்தால் உடன்பிறந்தவர்கள் மாதிரி ஆகிவிட்டார்கள். ஒருவரையொருவர் "அண்ணே" என்றுதான் கூப்பிடுவார்கள். யார் மூத்தவர் என்ற வழக்கு கடைசிவரை தீரவில்லை. தான்தான் சின்னவன் என்று சாதிப்பதில் இருவருக்கும் போட்டி.

அந்தப் போட்டி அவரவர் வேதத்திலிருந்து வந்தது; இரண்டிலும் தாழ்ந்து நிற்பவன்தான் பெரியவன். மெஷின்காரர் ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர். நாற்பது வயதைத் தாண்டி அவர் எழுத்துக் கூட்டப் பழகியதே ஜெபத்தைத் தானாக வாசிக்கத்தான். மடிப்புக்காரர் சீனத்துத் தாவோ வழியில் பிறந்து வளர்ந்தவர். "தாவோன்னா வழி. அதுக்கு மேல சொன்னா கெட்டுப்போயிரும்" என்பார்.

சாப்பாட்டு நேரத்தில் மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து இரண்டையும் உரசிப் பார்ப்பது அவர்களுக்குப் பொழுதுபோக்கு.

"அதப் பாருங்கண்ணே" என்று மடிப்புக்காரர் மூலைச் சாக்கடைக் குழியைக் காட்டுவார். "தண்ணி எவ்வளவு பள்ளம் இருந்தாலும் தேடிப் போய் உக்காருது. அசிங்கம் பாக்குதா? அதான் எங்க வழி."

"எங்காளு இடுப்புல துண்டக் கட்டிக்கிட்டு மத்தவங்க காலையே கழுவினாரு."

"அப்ப அவருக்கும் சலவை டிப்பார்ட்மெண்டுதான்."

"தச்சருண்ணே அவரு."

"அங்கதான் இடிக்குது. எங்க பெரியவங்க செதுக்காத மரந்தான் ஒசத்தின்னாங்க. உங்காளும் எங்காளும் ஒரே பட்டறையில சேந்தா ஒரு நாற்காலி தேறாது."

ஒருமுறை மெஷின்காரர் கேட்டார்: "உங்க வழிகிட்ட வேண்டிக்க முடியுமாண்ணே?"

"முடியாது. அதுல நடக்கலாம்."

"எங்க தகப்பன் பேரச் சொல்லிக் கூப்பிடுவாரு. எனக்கு அதுதான் வேணும். தனியா நடந்து நடந்து கால் விட்டுப்போச்சு."

மடிப்புக்காரர் தன் சாப்பாட்டு டப்பாவிலிருந்து பாதியை எடுத்து அவர் பக்கம் தள்ளினார்.

கடன் கொடுத்த அன்று அவர் ஒரு மூங்கில் குச்சியில் தொகைக்கு அடையாளமாகக் கத்தியால் சில வெட்டுகள் போட்டார். நீளவாக்கில் பிளந்தார். வலது பாதியை மெஷின்காரரிடம் கொடுத்து, இடது பாதியைத் தான் வைத்துக்கொண்டார். "எங்க பக்கத்துப் பழக்கம்" என்றதோடு சரி. மெஷின்காரருக்குக் கடன் பத்திரத்தைவிட அந்தக் குச்சி பயமாக இருந்தது. என்றைக்காவது இந்த மனிதர் இடது பாதியைக் கொண்டுவந்து தன்னுடையதோடு பொருத்தி, "வை பணத்த" என்பார். அந்த நாளுக்குப் பயந்தே துணிப்பெட்டியின் அடியில் அதைப் பத்திரமாக வைத்திருந்தார்.

இப்போது மடிப்புக்காரரின் முட்டி இரண்டும் போய்விட்டன. இந்தச் சனிக்கிழமையோடு வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போகிறார். அதற்குள் கடனைத் தீர்க்க வேண்டும். மெஷின்காரர் கையில் சல்லிக்காசு இல்லை. வாங்கிய பணம் முழுவதும் அவர் மனைவியின் தம்பிக்குத் தையல் மிஷினாகப் போயிருந்தது. அவனும் ஒரு காசு திருப்பவில்லை.

"மிஷினையே தூக்கிட்டு வந்து வித்துடறேன்" என்று காலையில் மனைவியிடம் சொன்னார்.

"எந்தம்பி வயித்துல அடிச்சிட்டு வந்து நாளைக்கி ஜெபத்துல முழங்கால்ல நில்லுங்க" என்றாள் அவள்.

வேலை முடிந்ததும் விரிப்பு வண்டியைக் கேட்டு வாங்கிக்கொண்டு கிளம்பினார். அதன் முன்சக்கரம் எப்போதும் இடப்பக்கம் இழுக்கும்.

"ஒத்தையாத் தள்ள முடியாதுண்ணே, நானும் வர்றேன்" என்று மடிப்புக்காரர் வந்து ஒட்டிக்கொண்டார்.

"உங்க முட்டி?"

"வண்டியப் புடிச்சிக்கிட்டாத்தான் நடக்கவே வருது."

இரண்டு தெரு தாண்டும்வரை மெஷின்காரர் எதற்குப் போகிறோம் என்று சொல்லவில்லை. பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

மடிப்புக்காரர் வண்டியை நிறுத்தினார். "யாருக்குத் தர?"

"உங்களுக்குத்தான். வேற யாருக்கு?"

"நான் கேட்டேனா?"

"குச்சிய வெச்சிருக்கீங்களே!"

"எம்பாதியா? மேசைக்கால் ஆடிட்டு இருந்துச்சேன்னு அன்னைக்கே அடியில சொருகிட்டேன். அதுமேலதான் தெனம் சாப்பிட்டோம்." முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "எங்க வழியில இடது பாதி வெச்சிருக்கறவன் கேக்கக் கூடாதுண்ணே. கேக்காம இருக்கேன்னு சொல்றதுக்குத்தான் அந்தப் பாதி. குடுக்கறதும் குடுக்காததும் வலது பாதிக்காரர் பாடு."

மெஷின்காரருக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "இத மூணு வருஷம் முன்னாடி சொல்லித் தொலைச்சா என்ன? ராத்தூக்கம் போச்சே எனக்கு! கேக்கத்தான் கூடாது, சொல்லவுமா கூடாது?"

"பயந்திருப்பீங்கன்னு தோணல. தப்புதான்" என்றார் மடிப்புக்காரர்.

ஆத்திரம் அடங்கியதும் மெஷின்காரரின் மனசு வேறு கணக்குப் போட்டது. இவர் கேட்கப்போவதில்லை. அப்படியென்றால் மிஷின் விற்ற பணம் தனக்குத்தான். ஞாயிற்றுக்கிழமை மத்தியான ஓவர்டைமை விட்டுவிடலாம். ஒரு வருடம் முதுகை நீட்டிப் படுக்கலாம். அவர் வண்டியை மறுபடி தள்ள ஆரம்பித்தார். மடிப்புக்காரரும் கூடத் தள்ளினார்.

மச்சினன் வாசலிலேயே நின்றிருந்தான். அக்கா தகவல் சொல்லியிருந்தாள். மிஷினின் தலையைக் கழற்றி, எண்ணெய் போட்டுத் துடைத்து, ஒரு பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்தான்.

"பெல்ட்டு புதுசு மாமா" என்றான். "விக்கறப்ப சொல்லுங்க, நூறு எறநூறு கூடக் கெடைக்கும்."

"வேலை இருக்கா இப்ப?"

"கைவேலையாப் பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்கலாம். பாத்துக்கலாம், விடுங்க மாமா."

அறைக்குள் பாதி தைத்த பள்ளிச் சட்டைகள் கிடந்தன. மெஷின்காரர் குனிந்து மிஷினைத் தூக்கினார். கனமாக இருந்தது. தூக்கியபடியே நின்றுவிட்டார்.

தினமும் காலையில் அவர் ஜெபத்தில் விரல் வைத்து வாசிக்கும் ஓர் இடம் உண்டு. என் கடனை விட்டுவிடும் என்று கேட்பது அது. கேட்டதோடு முடியாது. எனக்குக் கடன்பட்டவனை நானும் விட்டதுபோல என்று அங்கேயே ஒரு நிபந்தனையும் இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படிக்கும்போதுகூட அந்த நிபந்தனையை மட்டும் அவர் வேகமாகத் தாண்டிவிடுவார். தாண்டுகிறோம் என்று அவருக்கே தெரியும்.

திரும்பி மடிப்புக்காரரைப் பார்த்தார். அவர் வாசற்படியில் உட்கார்ந்து முட்டியை அமுக்கிக்கொண்டிருந்தார். வா என்றோ போ என்றோ அந்த முகத்தில் ஒன்றும் இல்லை. சரிதான், இவர் கேட்கவே மாட்டார்.

"எங்க மாட்டணும் இத? கை விட்டுப்போகுது, சீக்கிரம் சொல்லுடா."

"மாமா?"

"பழைய எடத்துலயே மாட்டு. அந்தக் கணக்கு முடிஞ்சுது. உங்கக்காகிட்ட நானே சொல்லிக்கறேன், நீ போய் ஆரம்பிக்காத."

மச்சினன் திருப்புளியைத் தேடினான். அவசரத்தில் திருகாணி இரண்டு தடவை கீழே விழுந்தது. இரண்டு தடவையும் மெஷின்காரரே முனகிக்கொண்டு குனிந்து எடுத்துக் கொடுத்தார். நல்ல காரியம் செய்த குளிர்ச்சி ஒன்றும் நெஞ்சில் இல்லை. முதுகு வலித்தது. ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம் அப்படியேதான் இருந்தது.

வெளியே வந்தால் மடிப்புக்காரரால் எழுந்திருக்க முடியவில்லை. வண்டியைப் பிடித்து இரண்டு தடவை எழப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"ஏறுங்கண்ணே" என்றார் மெஷின்காரர்.

"இதுலயா? அழுக்குத் துணி வண்டிண்ணே."

"துணிக்கு நீங்க என்ன ஒசத்தியா? ஏறுங்க."

மச்சினன் ஒரு பக்கம் தாங்க, அவரைத் தூக்கி வண்டிக்குள் உட்கார வைத்தார்கள். முட்டி இரண்டும் விளிம்புக்கு மேலே துருத்திக்கொண்டு நின்றன. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மெஷின்காரர் தள்ளினார்.

"வீடு வரைக்கும் வாடகை எவ்வளவுண்ணே?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

மெஷின்காரர் மூச்சு வாங்கினார். "பதினோராயிரத்து நானூத்தி இருபது."

"கொஞ்சம் அதிகம்" என்றார் மடிப்புக்காரர். சிறிது தூரம் போனபின் சொன்னார்: "சரி, கழிச்சுக்குங்க."

சக்கரம் இடப்பக்கமாகவே இழுத்தது. மெஷின்காரர் அதை நேராக்கி நேராக்கித் தள்ளிக்கொண்டு போனார்.