ஜீப் மூன்று முறை வரும்

வீடியோ விளையாட்டுப் பெட்டி தேவாலய வளாகத்தில் பாயசக் கடைக்கும் கோழி ஏலத்துக்கும் நடுவில் நின்றது. ஜாய் அதைச் செய்து முடிக்க ஏழு மாதம் ஆனது. பலகை பழைய அலமாரியுடையது. உள்ளே ஒரு கறுப்பு வெள்ளை டிவி. நெய்யாற்றின்கரையில் அவன் வேலை பார்க்கும் ரிப்பேர் கடையில் யாரோ விட்டுப்போனது. அதன் கீழே கேசட்டில் ஓடும் சின்னக் கம்ப்யூட்டர். முன்பக்கம் ஒரு குடைக்கம்பு, அதைச் சுற்றி நான்கு காலிங்பெல் சுவிட்ச். கம்பை எந்தப் பக்கம் சாய்த்தாலும் ஒன்று அமுங்கும்.

விளையாட்டையும் அவனே எழுதினான். தலையில் அரிசி மூட்டையுடன் ஒரு பெண் தமிழ்நாட்டிலிருந்து கேரளத்துக்கு எல்லை தாண்ட வேண்டும். ரப்பர் தோட்டம், மரவள்ளி நட்ட மரச்சீனி விளை, கடைசியில் கால்வாய்ப் பாலம். காலை ஆறு மணிக்குள் ரோட்டில் நிற்கும் வேனை எட்ட வேண்டும். செக்போஸ்ட் ஜீப்பின் கண்ணில் பட்டால் ஆட்டம் முடிந்தது.

அந்தப் பெண் அவன் அக்கா கிருபாபாய். பதினோரு வருடமாக அரிசி கடத்துகிறாள். மகள் ஷிஜா நர்சிங் படிப்பது அந்தச் சுமையில்தான்.

அவன் எழுதும்போது அக்கா பின்னால் நின்று திருத்தினாள்.

“எலே, ஜீப்பு இவ்வளவு வேகத்துல வராது. டிரைவருக்கு நடுமுதுகு வேதனையாக்கும்.”

“பாலத்த எப்படித் தாண்டுவ?”

“தாண்டுறதில்ல. அடியில நிப்பேன். ஜீப்பு ரெண்டு தடவ போவும். பெறவு ஒரே ஓட்டம்.”

ஜாய் அப்படியே எழுதினான். பாலம் இருக்கும் இடத்தைக்கூட மாற்றவில்லை. மாற்றினால் அக்கா சிரிப்பாள்.

அறுவடைப் பண்டிகையன்று மத்தியானம் முதல் பெட்டியைச் சுற்றிக் கூட்டம். பாலத்தைக் கண்டதும் எல்லாரும் ஓடினார்கள். எல்லாரும் பிடிபட்டார்கள். கூப்பன் கிழித்துக்கொண்டிருந்த பொன்னுதாஸ் ஒவ்வொருவரையும் கேலி செய்து அனுப்பினார்.

நான்கு மணிக்கு மோகனன் வந்தார். செக்போஸ்ட்டில் வேலை. அன்று வேட்டி கட்டியிருந்தார். கையில் ஏலத்தில் எடுத்த கோழி.

“ஏமானே, இங்கயும் பிடிக்கவா வந்தீரு?” என்றார் பொன்னுதாஸ்.

“இல்லடே. இன்னு நான் அரிசிக்காரியாக்கும்.”

கோழியைப் பொன்னுதாஸிடம் கொடுத்துவிட்டுக் கம்பைப் பிடித்தார். ரப்பர் தோட்டத்தைக் கடந்தார். மரச்சீனி விளையைக் கடந்தார். பாலத்தடிக்கு வந்ததும் கம்பிலிருந்து கையை எடுத்தார். பெண் நின்றாள். ஜீப் போனது. அவர் கையைக் கொண்டுபோகவில்லை. ஜீப் திரும்பி வந்தது. அது மறைந்த பிறகுதான் கம்பைச் சாய்த்தார். வேனை எட்டினார்.

மோகனன் ஜாய் பக்கம் திரும்பினார்.

“கொள்ளாம், நல்லா இருக்கு. இது ஆரு சொல்லித்தந்தது?”

“யாருமில்ல சார். சும்மா எழுதினேன்.”

“சும்மாவா?” பொன்னுதாஸ் சிரித்தார். “இவன் அக்கா கிருபாபாய் பக்கத்துல நின்னு எழுதவச்சதாக்கும். அவ ஒரு தடவகூட தோக்கல்ல, கேட்டீரா.”

மோகனன் கோழியை வாங்கிக்கொண்டார்.

“ஒரு தப்பு உண்டு,” என்றார் ஜாயிடம். “நாளை முதல் ஜீப் மூணு தடவ வரும்.”

பாலத்தடியில் ஆள் நிற்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. யார் என்பதுதான் தெரியாமல் இருந்தது.

வீட்டில் அக்கா மரச்சீனி சீவிக்கொண்டிருந்தாள். ஜாய் எல்லாவற்றையும் சொன்னான். அவள் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

“விடுறதுக்குச் சொன்னானா, பிடிக்கதுக்குச் சொன்னானா?”

“தெரியல்ல.”

“மூணாக்கிப் போடு. பாப்பம்.”

ஒரு வரியில் 2 என்றிருந்ததை ஜாய் 3 ஆக்கினான். அக்கா ஈரக்கையுடன் கம்பைப் பிடித்தாள். மூன்றாவது ஜீப் போகும்வரை நின்றாள், வேன் போய்விட்டது. அடுத்த ஆட்டத்தில் இரண்டாவது போனதும் ஓடினாள்; மூன்றாவது பிடித்தது. ஐந்து முறை ஆடினாள்.

“வேன்காரன் கொஞ்சம் நிப்பான்,” என்றாள். “உன் பெட்டிக்கு அது தெரியாது.”

“நாளைக்குப் போவாண்டாம் அக்கா.”

“அரிசி அங்க கட்டி வச்சாச்சு மக்கா.”

காலையில் ஆணியில் சும்மாட்டுத் துணி இல்லை. ஜாய் வாசலுக்கும் ரோட்டுக்குமாக நடந்தான். ஆறு கழிந்தது. ஏழும் கழிந்தது.

ஏழரைக்கு அக்கா வந்தாள். இடுப்புவரை ஈரம். மூட்டை இல்லை. சும்மாடு மட்டும் தலையில் இருந்தது.

“வேன்?”

“போச்சு.”

“அரிசி?”

“தண்ணியில விட்டுட்டேன்.”

“மூணு தடவ வந்துதா?”

“வந்துது. மூணாவது தடவ பாலத்துக்கு மேல நின்னுது. ஆரும் எறங்கல்ல.” அவள் படியில் உட்கார்ந்தாள். “மோகனன் கிருபாபாயேன்னு கூப்பிட்டான். வீட்டுக்குப் போன்னான்.”

ஜாய் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் வாங்கவில்லை.

“பதினோரு வருசம் எனக்கு அங்க பேரு கெடையாதுலே,” என்றாள்.