நாற்பத்தைந்து சதவீதம்

பஃபலோவில் எங்கள் வானொலியின் ஞாயிறு அமெரிக்கக் கால்பந்து நிகழ்ச்சியில், ஆட்டக் கணிப்பு சொல்பவருக்கு ஒரே ஒரு நாற்காலிதான். பல பருவங்களாக அதில் உட்கார்ந்து வந்தவள் நான். சராசரி அணியை எத்தனை புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்பதுதான் என் கணக்கில் ஓர் அணியின் பலம். இரண்டு அணிகளின் பலத்தைக் கழித்து, சொந்த மைதானத்துக்கு இரண்டு புள்ளி கூட்டினால், அதிலிருந்து வெற்றி வாய்ப்பு சதவீதமாக வந்துவிடும்.

இந்த ஜனவரியில், நிகழ்ச்சியை நடத்தும் கஸ் இன்னொரு நாற்காலியையும் இழுத்துப் போட்டான். அதில் டெஸ்ஸா உட்கார்ந்தாள். என்னைவிட இருபது வயது இளையவள்.

"டென்வர்கூட முதல் பிளேஆஃப் ஆட்டம். தோத்தா வீட்டுக்கு," என்றான் கஸ். "ரெண்டு பேரும் சொல்லுங்க. அடுத்த வருஷம் யாராவது ஒருத்தருக்குத்தான் சீட்டு."

"ஐம்பத்தொன்பது சதவீதம் நமக்கு," என்றேன்.

டெஸ்ஸா தொண்டையைச் செருமினாள். "நாற்பத்தஞ்சு."

கஸ் தலையில் கை வைத்தான். இந்த ஊரில் சொந்த அணிக்கு ஐம்பதுக்குக் கீழே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. சொன்னால் பலித்துவிடும் என்று பயம்.

"இடது பக்கம் காவல் நிக்கிற நம்ம லெஃப்ட் டாக்கிளுக்கு முழங்கால் போச்சு," என்றாள் அவள். "பந்து எறியற குவார்ட்டர்பேக்கோட முதுகை இனிமே யார் பாத்துக்குவா? அதுக்கு நாலரை புள்ளி கழிச்சேன். எனக்கும் சொல்லப் பிடிக்கல, கஸ்."

நான் அந்த முழங்காலைக் கணக்கில் எடுக்கவே இல்லை. அணியின் பலத்தை ஒரே எண்ணாக வைத்தே பழகிவிட்டேன். அதற்குள் ஓர் ஆள் நொண்டிக்கொண்டிருப்பது தெரியவில்லை. அவள் சொன்னது சரி என்று அப்போதே தெரிந்தது.

தொலைபேசி அலறியது. பக்கத்து ஊர் சீக்டவாகாவிலிருந்து ரே என்ற நேயர். "அந்தப் பொண்ணு எந்த ஊரு? டென்வர்ல இருந்து அனுப்பினாங்களா?"

டெஸ்ஸாவின் காது சிவந்தது. எனக்கு எவ்வளவு இதமாக இருந்தது என்பதை எழுதக் கூசுகிறது.

ஆட்டத்தை நிலைய அறையிலேயே கோழி இறக்கைகளைக் கடித்தபடி பார்த்தோம். பிறந்ததிலிருந்து இந்த அணிக்காகக் கத்தியவள் நான். அன்று கத்தவில்லை. ஒவ்வொரு முறை நாங்கள் பந்தை முன்னே நகர்த்தியபோதும் அவள் முகத்தைத்தான் பார்த்தேன், தோற்கத் தொடங்கிவிட்டாளா என்று. அவளோ தன் எண்ணையே மறந்து, மேசைமேல் ஏறி நின்று, "ஓடுடா, ஓடு!" என்று கூவினாள். கடைசி நிமிடத்தில் நாங்கள் ஜெயித்தபோது அழுதுகொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள்.

"நீங்க சொன்னதுதான் நடந்துச்சு, மார்லீன்!"

இல்லை. நாற்பத்தைந்து என்றால் நூற்றில் நாற்பத்தைந்து முறை ஜெயிப்போம் என்று பொருள். அவள் தோற்கவில்லை. அந்த அறையில் அது எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அவள் அதைச் சொல்லிக்கொள்ளவில்லை. நானும் சொல்லவில்லை.

மறுநாள் ரே மறுபடியும் அழைத்தான். "கஸ், அந்தப் பொண்ணையே உக்கார வை. நாம தோப்போம்னு அவ சொன்னா நாம ஜெயிக்கிறோம்! மார்லீன் நல்லவதான், ஆனா இத்தனை வருஷமா ஜெயிப்போம்னு சொல்லிச் சொல்லி என்னத்தக் கிழிச்சோம்?"

அதையே சொல்ல நாள் முழுக்க அழைத்தார்கள். மாலையில் கஸ் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னான். "ஊரு கேக்குது, மார்லீன். நான் என்ன பண்றது?"

சரியான கணக்குக்காக அவளுக்கு அந்த நாற்காலி கிடைத்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஊரின் மூடநம்பிக்கையும் அவள் பக்கமே போய்ச் சேர்ந்தது.

வீட்டுக்கு வந்து அடுத்த ஆட்டத்தைக் கணக்கிட்டேன். இம்முறை முழங்காலைக் கழித்தேன், அதே நாலரை. யாரும் கேட்காத எண் ஒன்று வந்தது.

டெஸ்ஸா அழைத்தாள். "கோபமா? நானே வேணாம்னு சொல்லிப் பாத்தேன். சரி, உங்களுக்கு எவ்வளவு வருது?"

"முப்பத்தெட்டு."

"அட! எனக்கும் முப்பத்தெட்டு!" என்று துள்ளினாள். "பாத்தீங்களா, நாம ஒரே மாதிரி யோசிக்கிறோம்!"

"ஆமா," என்றேன். அந்த எண்ணும் அவளுடையதுதான்.