சேற்றுக்குத் தண்ணீர் ஊற்றியவள்

அக்டோபர் புயலில் ஊர் நடுவே நின்ற கிழட்டு லிண்டன் மரம் சாய்ந்தபோது, எல்லோரும் விறகுக்கு ஓடினார்கள். தபால்காரி மில்கா மட்டும் அதன் காய்களைப் பொறுக்கினாள். ஸ்லோவேனியாவில் ஊர்க்கூட்டம் என்றால் லிண்டன் நிழலில்தான். அந்த இடத்தில் அதே மரத்தின் பிள்ளைதான் நிற்க வேண்டும் என்று அவள் ஒற்றைக்காலில் நின்றாள்.

"சரி, ரெண்டு வசந்தம் பாக்கலாம்" என்றார் ஊர்த்தலைவர் யெர்னெய். "ரெண்டாவது வசந்தத்து மே மாசக் கூட்டத்துல முடிவு பண்ணுவோம். ஒண்ணும் முளைக்கலன்னா நாற்றுப்பண்ணையில வாங்கி நட்டுடலாம்."

விதைத்த தொட்டியைப் பனியில் வெளியிலேயே வைத்தாள். லிண்டன் விதை கும்பகர்ணன். இரண்டு குளிர்காலம் தூங்கும். முதல் வசந்தத்தில் ஒன்றும் வரவில்லை.

பக்கத்து வீட்டு ராடோவுக்குக் கொண்டாட்டம். ஊரிலேயே நல்ல கீரை அவர் தோட்டத்தில்தான். அந்தத் திமிரும் அவருக்கு உண்டு.

"என்ன மில்கா, சேத்துக்குத் தண்ணி ஊத்துறியா? சேறு நல்லா வளருதா?"

"உங்க வாய் அளவுக்கு வளரல, ராடோ அண்ணே."

சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள்.

அடுத்த ஏப்ரலில் மூன்று முளைகள் வந்தன. இலைகள் விரல் விரலாகப் பிரிந்து, கைக்குழந்தையின் கை மாதிரி இருந்தன. ராடோ வேலி தாண்டி வந்து குனிந்து பார்த்தார்.

"அட, இது களை! லிண்டன் இலை இதயம் மாதிரி இருக்கும்னு பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்." பேச்சோடு பேச்சாக ஒன்றைப் பிடுங்கியும் விட்டார். களையைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது.

"எடுங்க கைய! களையா இருந்தா அது என் களை!"

கத்தினாளே தவிர, அவளுக்கே நிச்சயமில்லை. மூன்று வாரம் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். கூட்டத்தன்று காலை, அந்தக் குட்டிக் கைகளுக்கு நடுவே நகத்தளவு இலை ஒன்று விரிந்திருந்தது. அசல் இதயம். விரல் விரலாக வந்ததெல்லாம் வெறும் விதையிலைதான். மில்கா புல்லில் உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தாள்.

பழைய மரத்தின் அடிக்கட்டையில் தொட்டியை வைத்தாள். "இது எப்போ நிழல் குடுக்கிறது? பண்ணையில ஆளுயர மரமே கிடைக்குதே" என்று பாதிப் பேர் முணுமுணுத்தார்கள். யெர்னெய் கை தூக்கச் சொன்னார். கன்றுக்குப் பதினான்கு, பண்ணை மரத்துக்கும் பதினான்கு. ராடோ எதற்கும் கை தூக்காமல் தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முப்பது வருஷமா..." அவர் குனிந்து அந்த விதையிலையைத் தொட்டார். "வருஷா வருஷம் என் தோட்டத்துல இதே முளை வரும். களைன்னு பிடுங்கி எறிஞ்சேன். அத்தனையும் இந்த மரத்துப் பிள்ளைங்க."

இரண்டு கைகளையும் தூக்கினார்.

"ஒரு கைதான்யா கணக்கு" என்றார் யெர்னெய். "பதினஞ்சு! மில்கா ஜெயிச்சுட்டா!"

கைதட்டல் அடங்குவதற்குள் மில்கா ராடோவிடம் போனாள். "ஒண்ணு ஊருக்கு. இன்னொண்ணு உங்க தோட்டத்துக்கு, அண்ணே. கீரைப் பாத்திக்கு நடுவுல."

"ஐயோ, மரம் பெருசாச்சுன்னா நிழல் விழுமே! கீரை வராதே!"

"வராது" என்றாள் மில்கா.