கடைசிக் கெஜம்

"நாலாவது முயற்சி, வேண்டியது ஒரே ஒரு கெஜம்!" என்று வானொலிக்காரன் கத்தியபோது ரெனீட்டா தன் அப்பா வெர்லினின் உதட்டை ஈரப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தாள். வெர்லின் கண்ணைத் திறக்காமலே முகத்தைத் திருப்பிப் பஞ்சை ஒதுக்கினார். வானொலியில் கூட்டத்தின் சத்தம் எழும்பியது, அப்படியே அடங்கியது. மைதானம் எட்டுத் தெரு தள்ளித்தான். அந்தப் பெருமூச்சு ஜன்னல் வழியாகவும் வந்து சேர்ந்தது.

"போச்சா?"

"போச்சுப்பா. தள்ளிட்டாங்க."

கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அணிக்கு இந்த வருஷம் பிடித்த பீடை இது. நாலு முயற்சிக்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும், இல்லாவிட்டால் பந்து எதிராளிக்கு. ஒன்பது கெஜத்தைப் பையன்கள் சிரித்துக்கொண்டே கடந்துவிடுவார்கள். மிச்சமிருக்கும் ஒன்றில்தான் செப்டம்பரிலிருந்து முட்டி மோதி விழுகிறார்கள். ஐந்து ஆட்டம் அப்படியே கைநழுவிப் போனது. குனிந்து நின்று வழி உண்டாக்க வேண்டிய முன்வரிசைக்குப் பயிற்சியாளன் ரெனீட்டாவின் தம்பி கர்ட். ஊருக்குத் திட்ட ஆள் கிடைத்துவிட்டான். கடையில் உருளைக்கிழங்கு பொறுக்கும் பெண்கள்கூட, "உன் தம்பி அந்தப் பசங்களுக்குச் சாப்பாடு போடுறானா இல்லையா?" என்று கேட்டுவிட்டார்கள். இன்றும் தோற்றால் அவன் வேலை போய்விடும் என்று ஊரே பேசிக்கொண்டது.

வெர்லின் வார நாட்களில் குழாய் ரிப்பேர்காரர். சனிக்கிழமைகளில், முப்பத்தொரு வருஷமாக, மைதானத்தின் ஓரத்தில் பத்து கெஜச் சங்கிலியின் ஒரு முனைக் கம்பைத் தோள் உயரத்தில் பிடித்து நின்றவர். பந்து எவ்வளவு நகர்ந்தது என்பதற்கு அந்தச் சங்கிலிதான் சாட்சி. அதனால் சங்கிலிக்காரர்களுக்கு ஒரு விதி உண்டு. உள்ளூர்க்காரர்கள்தான், ஆனால் கைதட்டக் கூடாது, திட்டக் கூடாது, கண்ணில் பட்டதை எந்தப் பக்கத்துக்கும் சொல்லக் கூடாது. மற்றவர்கள் அந்த விதியைக் கம்போடு சேர்த்து மைதானத்தில் வைத்துவிட்டு வருவார்கள். வெர்லின் வீட்டுக்கும் கொண்டுவந்தார். பிள்ளைகள் சண்டை போட்டால் இரண்டு பக்கமும் கேட்பார், ஒரு பக்கமும் பேசமாட்டார். கர்ட் இதே கல்லூரிக்காக நாலு வருஷம் ஆடினான். அப்பா பத்தடி தள்ளி நின்றார், ஒருநாளும் கைதட்டவில்லை.

இன்று காலை ஆறு மணிக்கு கர்ட் வந்து கட்டிலருகே மண்டியிட்டான்.

"செப்டம்பர் கடைசி வரைக்கும் நீங்க பக்கத்துலயே நின்னீங்கப்பா. எங்க தப்பு நடக்குது? ஒரு வார்த்தை சொல்லுங்களேன்."

"நான் கம்பு பிடிச்சிட்டு நின்னேன், கர்ட்."

அவ்வளவுதான். அவன் எழுந்து தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

இப்போது, கைநழுவிய கெஜத்தின் பெருமூச்சு அடங்கிய பிறகு, அவர் தானாகப் பேசினார்.

"அறுபத்து நாலு."

"என்னப்பா?"

"அறுபத்து நாலாம் நம்பர் பையன். நடுவுல குனியுறவனுக்கு இடப்பக்கம் நிப்பான். பந்தை அவன் பக்கம் கொண்டுபோறதா இருந்தா கையைத் தரையில அழுத்தி ஊனுவான். நகம் வெளுத்துடும். வேற பக்கம்னா சும்மா தொட்டுட்டு நிப்பான். எதிர்ல நிக்கிறவனுங்க அந்தக் கையைத்தான் பாக்குறானுங்க." மூச்சு வாங்கியது. "கர்ட்டுக்காக உசரத்துல நின்னு ஆட்டத்தைப் படம் எடுக்கிறவனுக்கு நகம் தெரியுமா?"

ரெனீட்டா மேசையிலிருந்த போனை எடுத்துவிட்டாள். "கர்ட்டுக்குச் சொல்லிடுறேன்பா."

"வேண்டாம்." கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். "சங்கிலில நின்னு பார்த்தது, ரெனி."

அவளுக்கு ஆத்திரமாக வந்தது. பெற்ற மகன் ஊர் வாயில் விழுந்து அரைபடுகிறான், இவருக்கு இப்போதும் சங்கிலிதான். போனை மேசைமேல் டக்கென்று வைத்தாள். அந்தச் சத்தத்துக்குப் பிறகு அவர் ஒன்றும் பேசவில்லை. மூச்சு நீண்டது, இடைவெளி விட்டது, இன்னொரு முறை வந்தது, பிறகு வரவில்லை.

நர்ஸ் ஜாய்லீன் சமையலறையிலிருந்து வந்து நாடி பார்த்தாள். கைக்கடிகாரத்தைப் பார்த்துப் படிவத்தில் ஒன்று ஐம்பத்திரண்டு என்று எழுதினாள். ரெனீட்டா வானொலியை நிறுத்தினாள்.

"தம்பிக்குச் சொல்லணுமேம்மா."

"ஆட்டம் முடியட்டும்."

ஜாய்லீன் இந்த ஊரில் பிறந்தவள்தான், சனிக்கிழமை ஆட்டத்தின் மவுசு தெரிந்தவள்தான். இருந்தாலும் ஒரு கணம் அவள் புருவம் உயர்ந்தது.

இரண்டு இருபதுக்குப் போன் அடித்தது. இடைவேளை. பின்னணியில் ஆட்டக்காரர்களின் ஆணிக் காலணிகள் சிமெண்டில் நடக்கும் சத்தம்.

"அக்கா, அப்பா எப்படி இருக்காரு? சட்டுனு சொல்லு, எனக்கு ரெண்டு நிமிஷம்தான்."

அவளிடம் சொல்ல இரண்டு விஷயம் இருந்தது. முதலாவதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"தூங்குறாரு," என்றாள். "கர்ட், கேளு. அறுபத்து நாலோட கையைப் பாரு." மூச்சு விடாமல் முழுதும் சொன்னாள்.



"இதை அப்பாவா சொன்னாரு?"

"ஆமா."

"எனக்குச் சொல்லச் சொன்னாரா?"

"ஆமாடா."

அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. நாற்பத்து நாலு வயது ஆண்பிள்ளை, பையன்கள் நிறைந்த அறையில். "அவர் எந்திரிச்சதும், நான் கேட்டுக்கிட்டேன்னு சொல்லுக்கா," என்று வைத்துவிட்டான்.

ரெனீட்டா கட்டிலருகே உட்கார்ந்து அப்பாவின் தலைமுடியைச் சீவினாள். வானொலியைப் போடவில்லை. போடத் தேவையும் இருக்கவில்லை. மூன்று மணிக்குமேல் ஜன்னலுக்கு வெளியே மூன்று தடவை ஊர் ஆர்ப்பரித்தது. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு நெஞ்சு பூரித்தது, உடனே கண் அப்பாவின் முகத்துக்குப் போனது. 'எனக்குச் சொல்லச் சொன்னாரா' என்றதற்கு 'ஆமாடா' என்று சொன்னதை மனதுக்குள் சொல்லிப் பழக்கிக்கொண்டாள். மறுபடி கேட்டாலும் அதையேதான் சொல்வது. அவனுக்கு அது ஆயுசுக்கும் போதும்.

நாலரைக்கு கர்ட் படியேறி வந்தான். வாசலில் மண் அப்பிய காலணியைக் கழற்றும்போதே பேச ஆரம்பித்துவிட்டான்.

"நல்லா அழுத்தி ஊனுடான்னு அந்தப் பையன்கிட்ட சொல்லிட்டு, பந்தை மறுபக்கமா ஓடவிட்டோம்கா! மூணு தடவை! மூணு தடவையும் அவனுங்க ஏமாந்து அவன் பக்கம் விழுந்தானுங்க. கடைசித் தடவை சங்கிலி கொண்டுவந்து அளந்தாங்க. நாலு விரக்கடை தாண்டியிருந்துச்சு, ஜெயிச்சிட்டோம். எந்திரிச்சாரா?"

யாரும் பதில் சொல்வதற்குள் உள்ளே போய்விட்டான்.

ரெனீட்டா அறைக்குள் போனபோது அவன் அப்பாவின் கையைப் பிடித்தபடி நின்றிருந்தான். கை சில்லிட்டிருந்திருக்கும். வெகுநேரம் கழித்து அலமாரி மேலிருந்த படிவத்தை எடுத்துப் படித்தான்.

"ஒன்னு அம்பத்திரண்டு," என்றான். "நான் போன் பண்ணது ரெண்டு இருபதுக்கு."

"ஆமா."

"தூங்குறாருன்னு சொன்ன."

"ஆமா."

அவன் கத்துவான் என்று எதிர்பார்த்தாள். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவன் கேட்டது வேறு.

"எனக்குச் சொல்லச் சொன்னார்னு சொன்னியே. அது?"

பழக்கி வைத்த சொல் நாக்கில் தயாராக இருந்தது. ஆனால் அப்பா அங்கேயே, அவர்கள் இருவருக்கும் நடுவே படுத்திருந்தார். அவரை வைத்துக்கொண்டு அவளால் முடியவில்லை.

"வேண்டாம்னுதான் சொன்னாரு. சங்கிலில நின்னு பார்த்ததுன்னாரு."

கர்ட் தலையை ஆட்டினான். "அதானே," என்றான். சிரிப்பதுபோல் ஏதோ செய்தான். "அதானே பார்த்தேன்."

இரண்டு பேரையும் ஒரே மதியத்தில் அவனிடமிருந்து பறித்துவிட்டதாக ரெனீட்டாவுக்குத் தோன்றியது. செத்துப்போன அப்பாவையும், இரண்டு மணி நேரம் அவனுக்கென்று இருந்த அப்பாவையும். கிட்டப் போய் அவன் முழங்கையைத் தொட்டாள். அவன் கையை உதறவில்லை, அசையவும் இல்லை.

அப்போது தெருவில் ஹாரன் கேட்டது. ஒன்று, பிறகு ஏழெட்டு. கார் ஜன்னல்களில் உட்கார்ந்து வந்த மாணவர்கள் வாசலில் நிறுத்தி, "கர்ட்! கர்ட்!" என்று கதவைத் தட்டினார்கள்.

"நான் போய் அனுப்பிச்சிடுறேன்," என்று ஜாய்லீன் கிளம்பினாள்.

"வேண்டாம். என்னைப் பார்க்காம போகமாட்டாங்க," என்றான் கர்ட். "அவங்களுக்குத் தெரியாதுல்ல."

காலுறையோடு வெளிப்படியில் போய் நின்றான். ரெனீட்டா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். அவன் வலது கையைத் தோள் உயரத்துக்குத் தூக்கினான். ஹாரன் இரண்டு மடங்கானது. யாரோ கேக் தட்டு ஒன்றைப் படியில் வைத்துவிட்டு ஓடினார்கள். ஒவ்வொரு காராக நகர்ந்தது. கடைசிக் கார் தேவாலயத் திருப்பத்தில் மறைந்த பிறகும் அவன் கையைக் கீழே இறக்கவில்லை.