தெற்குத் தெருவின் முறை

வெள்ளாரங்குறிச்சியில் வயிற்றுப்போக்கு முறை வைத்துத்தான் வரும். தண்ணீரைத் தெருவுக்குத் தெரு முறை வைத்து விடுவதால் இதில் வேறு வழியில்லை. இன்று வடக்குத் தெருவுக்குத் தண்ணீர் என்றால் நாளைக் காலையில் வடக்குத் தெரு படுத்துக்கொள்ளும். இளநீர் வண்டிக்காரர் விடியும்போதே அங்கே போய் நிற்பார். பள்ளிக்கூடத்தில் அந்தத் தெருப் பிள்ளைகளின் பெயரைக் கூப்பிட மாட்டார்கள். பெண் பார்க்க வருகிறவர்கள், நகையைப் பற்றிப் பேசுவதற்கு முன்பு, உங்கள் தெருவுக்கு என்றைக்கு முறை என்று கேட்டுக்கொள்வார்கள். கல்யாணத் தேதி அதைப் பொறுத்தது.

முத்தரசி இதை விசாரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவள். பொதுச் சுகாதாரம், முதுகலை, கடைசி வருடம். ஊரில் அவளை டாக்டரம்மா என்றார்கள். நான் டாக்டர் இல்லை என்று கொஞ்ச நாள் சண்டை போட்டாள். பிறகு அந்தச் சண்டையை மட்டும் விட்டுவிட்டாள். மற்ற சண்டைகளை வைத்துக்கொண்டாள்.

காரணத்தைக் கண்டுபிடிப்பதில் கஷ்டமே இல்லை. சந்தைக்குப் பின்னால் குடிதண்ணீர்க் குழாய் சாக்கடைக்குள் இறங்கி ஏறுகிறது. இறங்கும் இடத்தில் இணைப்பு வாய் பிளந்து கிடந்தது. குழாயில் தண்ணீர் நின்றதும் சாக்கடை உள்ளே புகும். தண்ணீர் வந்ததும் அதைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போகும்.

“ஆமா, அது வழியாத்தான் வருது,” என்றார் வால்வு திறக்கும் சிவனு, உறவுக்காரர் வரும் பாதையைக் காட்டுவதைப் போல.

அவள் தங்கியிருந்தது தெற்குத் தெருவில், பூரணி வீட்டில். பூரணி பீடி சுற்றுகிறவள். புருஷன் திருப்பூரில். கைப்பிள்ளைக்குப் போன வாரம்தான் சோறூட்டியிருந்தார்கள். தாய்ப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளைக்கு முறை கிடையாது. சோறு தொட்ட பிள்ளைக்கு உண்டு. வரப்போவது அவனுக்கு முதல் முறை. குறை மாதத்தில் பிறந்தவன், தூக்கினால் துணியைத் தூக்கியது போல இருப்பான். அவன் தாங்க மாட்டான் என்பது முத்தரசிக்குத் தெரியும். பூரணிக்கும் தெரியும்.

“கொதிக்க வச்சுக் குடுங்கக்கா.”

“வச்சா அவன் பங்கு பக்கத்து வீட்டுக்குப் போயிரும். பக்கத்து வீட்ல எங்க நாத்தனா முழுகாம இருக்கா.”

அதுவும் சரிதான். ஒருமுறை சலூன்காரர் வீட்டில் கொதிக்க வைத்துக் குடித்தார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரருக்கு இரண்டு பங்காக வந்து, பொழுது சாய்வதற்குள் அவர் இறந்துபோனார். சலூன்காரர் இன்றைக்கும் அந்த வீட்டு வாசலைக் கடக்கும்போது செருப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறார்.

ஆக, குழாயைச் சரி செய்வதுதான் வழி. அப்போது யாருக்கும் பங்கே இராது. முத்தரசி பஞ்சாயத்துத் தலைவர் அருணகிரியிடம் போனாள். அவர் பொறுமையாகக் கேட்டார்.

“செய்யலாம். ஆனா நாம இப்ப பாதி முறையில நிக்கிறோம். வடக்குத் தெரு முடிச்சாச்சு. மேலத் தெரு முடிச்சாச்சு. கீழத் தெரு இன்னிக்குப் படுத்திருக்கு. உங்க தெரு வர்ற நேரம் பாத்து நிறுத்துனா அவங்க கேக்க மாட்டாங்களா?”

“ஜனங்க சாகுறாங்க சார். இதுல என்ன சமத்துவம்?”

“இதுலயாவது இருக்கட்டுமேம்மா.”

தெற்குத் தெரு தன் பக்கம் நிற்கும் என்று நம்பிக்கொண்டு திரும்பினாள். சாயங்காலம் குழாயடியில் எல்லோரையும் கூட்டிப் பேசினாள். நன்றாகவே பேசினாள். முடித்ததும் டயர் கடையில் வேலை பார்க்கும் எபனேசர் எழுந்தான்.

“ரோடு போட்டாங்க, எங்க தெரு முனையில நின்னுருச்சு. லைட் போட்டாங்க, அதுவும் முனையில நின்னுருச்சு. குழாய் வேணும்னு மறியல்ல உக்காந்துதான் எங்கப்பா மண்டைய உடச்சுக்கிட்டாரு. ஊருக்கு வர்ற எல்லாத்துலயும் எங்களுக்குப் பங்குன்னு அன்னிக்கு எழுதி வாங்குனோம். இப்ப இதுவும் முனையோட நிக்கட்டுங்கிறீங்க.”

“அண்ணே, இது சீக்கு.”

“ஊருக்கே வர்ற சீக்கு.”

“நாளைக்கு மேலத் தெருக்காரி என்னைப் பாத்து, ஒனக்கென்னடி, படுக்காம திரியிறவன்னு சொல்லுவா,” என்றாள் ஒரு பெண். “அந்தப் பேச்ச நீயா வாங்குவ?”

முத்தரசி இருட்டும் வரை வாதாடினாள். எல்லா வாதத்திலும் ஜெயித்தாள். ஒரு தலைகூட அசையவில்லை.

மறுநாள் தண்ணீர் விடுவதற்கு முன்பு அவளே சாக்கடைக்குள் இறங்கினாள். கரையில் பூரணி சைக்கிள் டியூபோடு நின்றிருந்தாள்.

“நீங்க எதுக்குக்கா?”

“நா எங்க வந்தேன்? சும்மா இந்தப் பக்கமா நடந்துக்கிட்டிருக்கேன்,” என்று சொல்லியபடியே பூரணி முழங்கால் வரை இறங்கிக் குழாயைப் பிடித்துக்கொண்டாள். டியூபைச் சுற்றி, இரும்புப் பட்டை வைத்து முறுக்கினார்கள். சிவனு வால்வைத் திறந்தபோது தண்ணீர் தெளிவாக வந்தது. தெற்குத் தெரு குடங்களை நிரப்பிக்கொண்டது.

விடிந்ததும் தெற்குத் தெரு பாய் விரித்துப் படுத்தது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இளநீர் வண்டிக்காரர் நின்று பார்த்தார். பிறகு, பந்தியில் இலை போடாமல் விடப்பட்டவர்களைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். எபனேசர் தெரு முனையில் எல்லோருக்கும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். முத்தரசிக்குச் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

உச்சி வெயிலில் அந்தச் சீக்கு டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கியது. மெலிந்த உருவம், தோளில் ஒரு துண்டு.

“குழாய் வழி அடச்சிருந்துச்சு. அதான் பஸ் பிடிச்சு வர நேரமாயிருச்சு,” என்று எபனேசரிடம் சொன்னது. அவன் எழுந்து, வழி காட்டி முன்னால் நடந்தான்.

தெருவின் முதல் வீடு பூரணியுடையது. முத்தரசி கதவை மறித்து நின்றாள். அது தள்ளவில்லை.

“உள்ள வரலம்மா. நாக்கு வறண்டு போச்சு. குடிக்கக் கொஞ்சம் தண்ணி.”

பூரணி புதுக்குடத்திலிருந்து ஒரு சொம்பு மொண்டு கொடுத்தாள். அது அண்ணாந்து முழுவதையும் குடித்தது. சுத்தமான தண்ணீர் அதற்கு அதுவரை பழக்கமில்லை. கொஞ்ச நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தது. பிறகு சரிந்தது.

தெற்குத் தெருவுக்குச் செய்ய வேண்டியது தெரியும். பாய்கள் ஏற்கனவே விரித்துத்தான் இருந்தன. யாரோ இளநீர்க்காரரைத் திரும்பக் கூப்பிட ஓடினார்கள். வெயில் படாமல் பூரணி வீட்டுக்குள் தூக்கி வந்தார்கள். அந்த வீட்டில் தொட்டிலுக்குக் கீழேதான் இடம் இருந்தது.

“விட்டுருங்க. சாகட்டும்,” என்றாள் முத்தரசி. “அது இந்தப் பிள்ளைக்காகத்தான் வந்திருக்கு.”

“தண்ணி குடுத்தது நானில்ல? என் கையால குடிச்சிட்டு என் வாசல்ல விழுந்து கெடக்கு,” என்றாள் பூரணி. “எப்படி விட?”

முத்தரசி அதற்கும் பதில் சொன்னாள். நீண்ட பதில். உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலக்கத் தெரிந்தவள் அங்கே அவள் ஒருத்திதான். எல்லோரும் அவள் பேசி முடிக்கும் வரை டம்ளரோடு காத்திருந்தார்கள். கடைசியில் வாங்கிக் கலக்கினாள்.

பொழுது சாயும்போது அதன் குழி விழுந்த கண்களில் வெளிச்சம் வந்தது. அண்ணாந்து தொட்டிலைப் பார்த்தது.

“பிள்ளைக்கு என்ன பேரு?”

பூரணி சொன்னாள்.

அது மெல்ல ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டது. பிறகு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று டம்ளரை நீட்டியது. முத்தரசி கலக்கினாள்.