கண்ணை மூடிச் சொன்ன நிரல்

1

“உக்காருன்னுதானட்டி சொன்னேன், ம் போடுன்னா சொன்னேன்?”

“நீ எதுக்கு வரிக்கு வரி நின்ன? நிக்காம போயிருந்தா—”

“மூச்சு விட நின்னேன்—”

“மூச்சா? கண்ணை மூடிக்கிட்டு, என் பக்கமாக் காதைத் திருப்பிக்கிட்டு நிக்கதுக்குப் பேரு மூச்சாக்கும்.”

“எனக்கு வேலை போச்சு. உனக்கு நக்கலா இருக்கு.”

“நக்கல் இல்லட்டி. அழுதிரக் கூடாதுன்னு பேசுதேன்.”

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான். திருநெல்வேலி ஜங்ஷனிலிருந்து முக்கூடல் போகிற பஸ்ஸில், மத்தியானம், பின்சீட்டிலிருந்து, பேச்சின் நடுவிலிருந்து. நான் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பத்தோரு வருஷம் பாளையங்கோட்டையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தவள் நான். மனிதர்கள் எனக்குக் குரலாகத்தான் வருவார்கள். முகம் பிறகு வரும், வராமலும் போகும். சுத்தமல்லி வரை காதை மட்டும் கொடுத்திருந்தேன். அங்கே கூட்டம் இறங்கியதும் வெட்கத்தை விட்டுவிட்டுத் திரும்பி, என்ன நடந்தது என்று கேட்டேன். முதல் குரல் தனலட்சுமி, பதில் சொன்ன குரல் முஃபீதா. இருவருக்கும் இருபத்தோரு வயசு இருக்கும். கோபித்துக்கொள்வார்கள் என்று நினைத்தேன். மாறாக, இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொல்லத் தொடங்கினார்கள்.

2

எழுத உட்கார்ந்தபோது இப்படித் தொடங்கினேன்:

‘தாமிரபரணியின் வடகரையில் உள்ள முக்கூடலில் தனலட்சுமி என்றொரு பெண்’

அவ்வளவுதான் ஓடியது. இப்படித் தொடங்கினால் அடுத்த வரியில் அவளுக்குக் கல்யாணம் செய்துவைக்க வேண்டும்.

பிறகு இப்படி:

‘கணினி தானே சிந்திக்கத் தொடங்கிவிட்ட இக்காலத்தில், வேலை தேடும் இளைஞர்கள் சந்திக்கும்’

இது செய்தித்தாள். அடித்துவிட்டேன். ஆனால் அடித்தது தெரியட்டும் என்று இங்கே விட்டிருக்கிறேன்.

(இந்த இடத்தில் ஆற்றைப் பற்றி நாலு வரி வைத்திருந்தேன். ஆறு இந்தக் கதையில் ஒன்றும் செய்யவில்லை. சாலைக்குத் தெற்கே அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது

3

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

சென்னையில் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம். கணினிக்குப் புரோகிராம், அதாவது நிரல், எழுதுகிற வேலை, கடைசிப்படி வேலை. தனலட்சுமி கல்லூரி முடித்த ஒரு வருஷத்தில் எத்தனையோ இடத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறாள். நேர்காணல் வரை வந்தது இது ஒன்றுதான். இது கிடைக்காவிட்டால் வெள்ளிக்கிழமையிலிருந்து ஜவுளிக்கடை பில்லிங்கில் நிற்க வேண்டும் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. அதே வேலைக்கு முஃபீதாவும் எழுதிப் போட்டிருந்தாள். அவளுக்கு மறுநாள் பதினொரு மணி.

நேர்காணல் லேப்டாப்பில். ஊரில் நெட் நின்று நின்று வரும் என்பதால் ஜங்ஷன் பக்கம் ஒரு பிரௌசிங் சென்டரில் தடுப்பு வைத்த அறை ஒன்றை எடுத்தார்கள். முஃபீதா வெளியே நிற்கிறேன் என்றுதான் சொல்லியிருக்கிறாள். நீ பக்கத்தில் இருந்தால்தான் எனக்கு வாய் வரும் என்று இவள் பிடித்து உட்காரவைத்தாள்.

கேள்வி கேட்டவர் முகம் காட்டவில்லை. ஒரு கறுப்புக் கட்டம், நடுவில் ஓர் எழுத்து. முதலில் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். தனலட்சுமி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு பைய ஒரு சுற்று சுற்றினாள். முஃபீதா குனிந்துகொண்டு, லேப்டாப்பின் முதுகுப் பக்கமாகவே அவளோடு ஒரு சுற்று சுற்றினாள். (இதைச் சொல்லும்போது இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சண்டை ஞாபகம் வந்து உடனே நிறுத்திக்கொண்டார்கள்.)

தனியாகத்தான் இருக்கிறேன் சார் என்றாள். அது பொய். இதை நான் கதையில் மறைக்கப் போவதில்லை.

கணக்கு இது: ஒரு வரி கொடுப்பார்கள். அதில் விதவிதமான அடைப்புக்குறிகள் இருக்கும். திறந்ததெல்லாம் ஒழுங்காக மூடியிருக்கிறதா என்று கண்டுபிடிக்க நிரல் எழுத வேண்டும். இவள் தட்டத் தொடங்கியதும் அவர் நிறுத்தினார். கையை எடுக்கச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு வாயால் சொல்லச் சொன்னார், தமிழிலேயே சொன்னாலும் போதும் என்றார். வேறு திரையைப் பார்த்துப் படித்துவிடுகிறார்களாம், அதனால் இப்போது இப்படியும் கேட்கிறார்களாம்.

மற்றவர்களுக்கு அது தண்டனையாக இருந்திருக்கும். முஃபீதா சொன்னாள்: “எனக்குச் சந்தோசமாப் போச்சு. இவ இனி ஜெயிச்சிட்டான்னு நெனச்சேன்.”

4

ஏன் என்று கேட்டேன். இருவரும் மாறி மாறிச் சொன்னார்கள்.

மூன்று வருஷம் இந்த பஸ்ஸில்தான் இருவரும் கல்லூரிக்குப் போய் வந்தார்கள். பாதி நாள் உட்கார இடம் கிடைக்காது. ஒரு கையில் கம்பி, ஒரு கையில் பை. லேப்டாப்பை எங்கே திறப்பது? அதனால் ஒருத்தி நிரலை வரி வரியாக வாயால் சொல்வாள், மற்றவள் காதால் படிப்பாள். வரி சரியாக இருந்தால் ‘ம்’ போட வேண்டும். தப்பென்றால் சும்மா இருந்துவிட வேண்டும். ‘ம்’ வரவில்லை என்றால் சொன்னவள் திரும்பிப் போய்த் தன் தப்பைத் தானே தேட வேண்டும். இதுதான் விதி. காலையில் ஒருத்தி, சாயங்காலம் மற்றவள்.

கதை கேட்கிறவர்கள்தான் ‘ம்’ போடுவார்கள் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஒரு இயந்திரத்துக்குச் சொல்ல வேண்டியதைக் கதை மாதிரி சொல்லி, ஒரு மனுஷியின் ‘ம்’ வாங்கிக்கொண்டு, அடுத்த வரிக்குப் போயிருக்கிறார்கள் இந்த இரண்டு பேரும், முந்நூறு நானூறு வரி, கண்டக்டர் விசிலுக்கு நடுவே.

எனக்கும் ஒருமுறை சொல்லிக் காட்டு என்றேன். தனலட்சுமி கண்ணை மூடினாள். அவள் குரல் மாறியது. சண்டை போட்ட குரல் இல்லை இது.

“ஒரு காலி அடுக்கு எடுத்துக்கிடுதேன். வரியில ஒவ்வொரு எழுத்தா வாரேன். திறக்கிற குறி வந்தா அடுக்குல மேல வைக்கேன். மூடுத குறி வந்தா, அடுக்குல ஆகமேல இருக்கதை எடுத்து ஜோடியான்னு பாக்கேன்.”

நான்கு வரி. அடுக்கு என்றால் என்ன என்று கேட்டேன். நம்ம மினி பஸ்தான் என்றாள் முஃபீதா. ஒரே வாசல், நெருக்கியடித்த கூட்டம். கடைசியாக ஏறினவர் முதலில் இறங்கினால்தான் உள்ளே இருப்பவர் இறங்க முடியும். கடைசியாகத் திறந்ததை முதலில் மூட வேண்டும்.

எனக்குக் கணினி தெரியாது. ஆனாலும் எல்லாக் குறியும் தன் ஜோடிக்காக உள்ளே நெருக்கியடித்து நிற்பது தெரிந்தது. எக்ஸ்சேஞ்சில் முதல் நாள், இங்கே செருகிய ஒரு கம்பியில் பம்பாயிலிருந்து ஒரு ஆள் இருமியதைக் கேட்டபோது இப்படித்தான் இருந்தது.

(நான் மேலே ஆற்றுக்காக ஒரு அடைப்பைத் திறந்துவிட்டு மூடாமல் வந்திருக்கிறேன். அவளுடைய நிரல் இந்நேரம் என் கதையைத் தப்பு என்று சொல்லியிருக்கும்.)

5

அறையில் என்ன ஆயிற்று என்றால், முதல் வரி சொன்னாள், நின்றாள். ‘ம்’ இல்லை. இரண்டாவது வரி. இல்லை. யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கட்டம் கேட்டது. இல்லை சார் என்றாள். மூன்றாவது வரி. இல்லை. பேசக் கூடாது என்றுதான் முஃபீதா சும்மா இருக்கிறாள் என்பது இவள் புத்திக்குத் தெரியும். காதுக்குத் தெரியவில்லை. மூன்று வருஷம் பழகிய காது, மூன்று வரியும் தப்பு, திரும்பிப் போ என்கிறது. நான்காவது வரியைச் சரியாகச் சொன்னாள். அமைதி. உடனே, இல்லை சார், மேலே இருப்பதை இல்லை, அடியில் இருப்பதை எடுக்க வேண்டும் என்று மாற்றத் தொடங்கினாள். பிறகு அவளுக்கே குழப்பம் வந்து, முதலில் சொன்ன மாதிரியே மறுபடியும் சொல்லிப் பார்த்தாள்.

“ம்” என்றாள் முஃபீதா.

அறையில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்றது கட்டம். நன்றி சொன்னது. அணைந்துவிட்டது. இன்னும் ஒரே ஒரு வரி பாக்கி இருந்தது.

6

கேள்வி கேட்டவருக்கு மகேஸ்வரன் என்று பெயர் வைத்து, கொஞ்சம் கெட்டவராக எழுதிப் பார்த்தேன். நிற்கவில்லை. அவர் காதில் விழுந்தது ஒரு குரல். குரல் இருந்தது உண்மை.

சந்தேகம் எனக்கு முஃபீதா மேல்தான். அந்த ‘ம்’ பழக்கமா, ஒத்தாசையா? கேட்டேவிட்டேன். தனலட்சுமியைப் பார்க்காமல் சொன்னாள்:

“வாயில தானா வந்துட்டுன்னுதான் இவகிட்ட சொன்னேன். தானா வரல. சரியான வரியை அழிக்கப் போறாளேன்னு போட்டேன்.”

தனலட்சுமிக்கு அது அப்போதுதான் தெரியும்.

“போடாம இருந்தாலும் நானே கண்டுபிடிச்சிருப்பேன்” என்றாள், மெதுவாக.

முஃபீதா ‘ம்’ போடவில்லை.

7

முடிவுகள் வைத்திருக்கிறேன். மறுநாள் பதினொரு மணிக்கு முஃபீதா அதே கட்டத்தின் முன் உட்கார்ந்து, நேற்று ‘ம்’ போட்டது நான்தான், அவளை இன்னொரு தரம் கூப்பிடுங்கள் என்று சொல்கிறாள், அவள் வாய்ப்பும் போய்விடுகிறது. இது ஒன்று. சொல்லாமல் ஐந்து வரியையும் சொல்லி வேலை வாங்கிவிடுகிறாள், முக்கூடல் பஸ்ஸில் தனலட்சுமி தனியாகப் போகிறாள். இது இரண்டு. மூன்றாவதை எழுதும்போது எனக்கே இனித்தது, அதனால் கிழித்துவிட்டேன்.

எதையும் அவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. போன் நம்பர் வாங்கவில்லை. முடிவு உங்களிடம் இருக்கட்டும். நான் கேட்டது வரைக்கும் சொல்லிவிடுகிறேன்.

ஊர் நெருங்கிவிட்டது. பைகளை எடுத்துக்கொண்டார்கள். நாளைக்கு நீ போ, என் பேரை எடுக்காதே என்றாள் தனலட்சுமி. எடுப்பேன் என்றாள் முஃபீதா. எடுத்தால் உன்னோடு பேச மாட்டேன் என்றாள் இவள். எடுக்காவிட்டால் நான் என்னோடு பேச மாட்டேன் என்றாள் அவள். இனி ஜென்மத்துக்கும் யாருக்கும் ‘ம்’ போடப்போவதில்லை என்றும் சொன்னாள். பஸ் வேகம் குறைந்தது. இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாசல் பக்கம் நின்றார்கள், மூன்று வருஷமாக நின்ற மாதிரி. தனலட்சுமி திடீரென்று கண்ணை மூடிக்கொண்டு, காதை அவள் பக்கம் திருப்பினாள்.

“அவரு கேக்காத வரி, கடைசி வரி. எல்லா எழுத்தும் முடிஞ்ச பிறகு, அடுக்குல யாராவது மிச்சம் நிக்காவளான்னு பாக்கேன். ஒருத்தர் நின்னாலும் தப்பு. சரியாட்டி?”